விட்ட காய்க்கு அடுத்த அடி

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 24 வயது. வீடு தண்டையார்பேட்டை. திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். சின்ன வயதிலிருந்து கேரம் ஆடுகிறேன். கிளப்பில் நன்றாகத்தான் ஆடுவேன். டோர்னமென்ட் என்று வந்தால் மட்டும், ஒரு சுலபமான காயை விட்டுவிட்டால் அதோடு என் ஆட்டம் முடிந்துவிடுகிறது. காது சூடாகிறது, கை இறுகுகிறது, அடுத்த அடியை ஓங்கி அடிக்கிறேன்.

போன மாதம் காசிமேட்டில் ஒரு போட்டி. காலிறுதி, மூன்றாவது கேம். நான் 19, அவர் 11. போர்டில் என் வெள்ளை இரண்டு, ரெட், அவருடைய கறுப்பு ஐந்து. ரெட்டைப் போட்டுவிட்டேன். ஃபாலோ, அதாவது ரெட் கணக்கில் சேர அடுத்த அடியிலேயே போட வேண்டிய என் காய், வலது பாக்கெட் வாயிலேயே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு போடுகிற காய். விட்டுவிட்டேன். சுற்றி நின்றவர்களில் ஒருத்தர், ‘இன்னாபா, இத்தயே உட்டுட்ட’ என்றார். எதிராளி இரண்டு காய் போட்டார். அடுத்து என் முறை வந்ததும் ஓங்கி அடித்து ஸ்ட்ரைக்கர் விழுந்து ஃபைன். அதற்கடுத்த முறை அவருடைய காயை நானே பாக்கெட் வாய்க்குத் தள்ளிவிட்டேன். அவர் ரெட்டோடு முடித்து 6 பாயிண்ட் எடுத்தார். அங்கேயே மேட்ச் போய்விட்டது. அப்புறம் இரண்டே போர்டில், அதாவது இரண்டே சுற்றில், 25 எடுத்துவிட்டார். போர்டைக் கையால் அடித்ததற்கு அம்பயர் கண்டித்தார். நைட் ஷிஃப்ட் முடித்து நேராக மேட்சுக்குப் போயிருந்தேன், அன்று ராத்திரி வீட்டில் அம்மாவிடமும் கத்திவிட்டேன்.

கோச் அண்ணன், ‘கோபத்தை அடக்கக் கத்துக்கோ, அதுவரைக்கும் எந்த டோர்னமென்ட்டுக்கும் பேர் குடுக்காதே’ என்கிறார். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும் என்று அப்பா நம்பிக்கொண்டிருக்கிறார். புது வண்ணாரப்பேட்டை காசிமா உலகக் கோப்பை ஜெயித்ததிலிருந்து, ‘அந்தப் பொண்ணைப் பார்’ என்று வேறு எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு காயை விட்ட பிறகும் அமைதியாக இருப்பது எப்படி?

ச., தண்டையார்பேட்டை

பதில்:

அன்புள்ள ச.,

ஸ்கோரை இவ்வளவு துல்லியமாக எழுதி அனுப்பியதற்கு முதலில் நன்றி. ‘எனக்குக் கோபம் வருகிறது, என்ன செய்வது’ என்று மட்டும் எழுதியிருந்தால் நான் பொதுவாகத்தான் ஏதாவது சொல்லியிருக்க முடியும். நீங்கள் போர்டையே கொடுத்துவிட்டீர்கள். அதனால் அந்தப் போர்டிலிருந்தே தொடங்குகிறேன்.

ஃபாலோ விழுந்திருந்தால் மிச்சம் ஒரு வெள்ளை. அதையும் போட்டிருந்தால் ஐந்து கறுப்புக்கு 5, ரெட்டுக்கு 3, ஆக 8. 19-உம் 8-உம் 27. கேமுக்கு 25 போதும். மேட்ச் உங்களுடையது. ஃபாலோ விழவில்லை, ரெட் நடுவுக்குத் திரும்பியது. அந்த நொடியில் நீங்கள் இழந்தது என்ன? ஜெயிக்கும் வாய்ப்பு ஒருமுறை கை நழுவியது, அவ்வளவுதான். ஒரு பாயிண்ட்கூடப் போகவில்லை. உங்களுக்கு இரண்டு வெள்ளைதான் பாக்கி. அவர் இரண்டு காய் போட்ட பிறகும் அவருக்கு மூன்று கறுப்பு. ரெட் யாருக்கும் சொந்தமில்லை. போர்டு அப்போதும் உங்கள் பக்கம்தான் இருந்தது.

அப்புறம் ஃபைன். போட்ட வெள்ளை ஒன்று வெளியே வந்து, இரண்டு மூன்றானது. அதற்கடுத்த அடியில் அவருடைய காயை வாய்க்குக் கொண்டுபோய் வைத்தீர்கள். மூன்று வெள்ளை, ஒரு ரெட், அவருக்கு 6 பாயிண்ட். ஸ்கோர் 19-17.

இந்த 19-17-ஐ நீங்கள் கடிதத்தில் எழுதவே இல்லை. அவர் 6 எடுத்தார், ‘அங்கேயே மேட்ச் போய்விட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, மேட்ச் எங்கேயும் போகவில்லை. இரண்டு பாயிண்ட் முன்னிலையில் உட்கார்ந்துகொண்டு, தோற்றவர் மாதிரி அடுத்த இரண்டு போர்டை ஆடியிருக்கிறீர்கள். ஃபாலோவை விட்டதை நான் பிழையாகவே எடுக்கவில்லை. வாயில் இருக்கிற காயை விடாத ஆட்டக்காரர் உலகத்தில் கிடையாது. அதற்கு அடுத்த இரண்டு அடியும், ஸ்கோரைப் பார்க்காமல் ஆடிய அடுத்த இரண்டு போர்டும்தான் உங்களைத் தோற்கடித்தன. நீங்கள் என்னிடம் கேட்டது அமைதியைப் பற்றி. நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது அடுத்த அடியைப் பற்றி. கோபம் வரட்டும். அடுத்து எந்தக் காயை, எவ்வளவு வேகத்தில் அடிப்பது என்பதை மட்டும் அது தீர்மானிக்கக் கூடாது.

காது சூடாவதும் கை இறுகுவதும் குணக்கோளாறு என்று நினைக்காதீர்கள். எதிர்பாராமல் ஒன்று கைவிட்டுப் போனால் உடம்பு அதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, முன்கையின் தசைகள் இறுகுகின்றன, பார்வை ஒரே இடத்தில் குவிகிறது. ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ இது நல்ல ஏற்பாடு. கேரமுக்கு ஆகாது. விதிப்படி ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது. அதை விரல் நுனியால் சுண்டுகிறோம். விரல் தளர்ந்திருந்தால்தான் அது போக வேண்டிய வேகத்தில் போகும். குத்துச்சண்டையில் கோபத்தோடு விட்ட குத்தும் சில சமயம் விழும். கேரமில் கோபத்தோடு அடித்த ஸ்ட்ரைக்கர் காயைத் தாண்டி எதிர்க் கட்டையில் மோதி, எங்கே போய் நிற்கும் என்று அடித்தவருக்கே தெரியாது. உங்கள் ஃபைன் அப்படி வந்ததுதான்.

இந்த உடம்பு நிலை, ‘அமைதியாக இரு’ என்று நமக்கு நாமே சொன்னவுடன் மாறிவிடாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் லோடு ஏற்றிய டிரெய்லர் பிரேக் போட்ட இடத்திலேயே நிற்கிறதா? அதற்குக் கொஞ்ச தூரம் வேண்டும். உடம்புக்கும் அப்படித்தான், கொஞ்ச நேரம் வேண்டும். ஒரு அடிக்கு விதி கொடுக்கிற 15 விநாடி அதற்குப் போதாது. அந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் நிஜமான கேள்வி.

இதைப் பற்றி அதிகம் யோசித்தவர்கள் கோல்ஃப் ஆடுகிறவர்கள். பந்தைக் குறைந்த அடிகளில் 18 குழியிலும் போடுகிறவர்தான் அங்கே ஜெயிப்பார். 18 குழி ஆடி முடிக்க ஏறக்குறைய நாலு மணி நேரம். அதில் பந்தை அடிக்கிற நேரத்தை மட்டும் கூட்டினால் சில நிமிஷம்கூடத் தேறாது. மிச்சமெல்லாம் நடை. ஒரு அடி கெட்டுவிட்டால் அதை நினைத்துக் குமைய அவர்களுக்கு அவ்வளவு நேரம் கிடைக்கிறது. ஆறுவதற்கும் அதே நேரம்தான். ரோரி மெக்கில்ராய் என்ற வட அயர்லாந்துக்காரர் 2011 ஏப்ரலில் மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளை நாலு அடி முன்னிலையோடு தொடங்கினார். பத்தாவது குழியில் முதல் அடி மரத்தில் பட்டு எங்கேயோ போனது. அன்றைக்கு 80 அடி எடுத்து, பட்டியலில் எங்கேயோ கீழே இறங்கிவிட்டார். உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டே மாதத்தில் அமெரிக்க ஓபனை எட்டு அடி வித்தியாசத்தில் ஜெயித்தார்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2025 ஏப்ரல். அதே மாஸ்டர்ஸ், அதே மனிதர். முன்னிலையோடு தொடங்கி முதல் குழியிலேயே இரண்டு அடி கூடுதல். பதின்மூன்றாவதில், கிட்டத்திலிருந்து மெதுவாகத் தூக்கிப் போட வேண்டிய பந்தைத் தண்ணீரில் போட்டார். கடைசிக் குழியில், போட்டால் ஜெயித்துவிடலாம் என்கிற சின்ன தூரத்துப் பந்தை விட்டார். உங்கள் ஃபாலோ மாதிரியேதான். ஆட்டம் சமன். ஜஸ்டின் ரோஸோடு அதே பதினெட்டாவது குழியைத் திரும்ப ஆட வேண்டும். அங்கே போகிற வழியில் ஹாரி டயமண்ட் மெக்கில்ராயிடம் ஒன்று சொன்னார். அவர் மெக்கில்ராயின் சின்ன வயது நண்பர், அவருடைய கேடியும்கூட (கூடவே நடந்து மட்டைப் பையைச் சுமந்து யோசனை சொல்கிறவர்). திங்கட்கிழமை காலையில் யாராவது இந்த நிலையைக் கொடுத்திருந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருப்போமே என்று. மெக்கில்ராயே பிறகு சொன்ன விஷயம் இது. சில நிமிஷத்துக்கு முன் பந்தை விட்ட அதே குழியில், முதல் வாய்ப்பிலேயே ஜெயித்தார்.

அந்த நண்பர் அடியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ‘கோபப்படாதே’ என்றும் சொல்லவில்லை. இப்போது நாம் எங்கே நிற்கிறோம் என்பதை மட்டும் காட்டினார். 19-17 ஆனபோது உங்களுக்குத் தேவைப்பட்டதும் அதேதான்: ‘நாம்தான் இரண்டு பாயிண்ட் முன்னாடி இருக்கோம்.’

ஆனால் கேரமில் கேடி கிடையாது. போர்டு நடக்கும்போது எழுந்து நடக்கக் கூடாது, நாற்காலியை நகர்த்தக் கூடாது, பேசக் கூடாது. காயை விட்டவுடன் முறை எதிராளிக்குப் போய்விடுகிறது. அவர் ஒவ்வொன்றாகப் போடுவதை நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாக வேண்டும். கேரம் கொடுக்கிற தண்டனையே இதுதான் என்று ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். நான் இதைத் தண்டனையாக நினைக்கவில்லை. கோல்ஃப் ஆட்டக்காரருக்கு நடை எதுவோ, உங்களுக்கு எதிராளியின் முறை அது. அவர் மூன்று காய் போட்டு நாலாவதை விட்டால் உங்களுக்கு ஒரு நிமிஷம்வரை கிடைக்கிறது. இப்போது அந்த நேரத்தை நீங்கள் ‘எப்படி விட்டேன், எப்படி விட்டேன்’ என்று ஓட்டுகிறீர்கள். அதை வேறு விதமாகச் செலவு செய்யப் பழக வேண்டும்.

முதலில் கை. காயை விட்டவுடன் அடிக்கிற கையைப் போர்டின் கட்டையிலிருந்து எடுத்து மடியில் வையுங்கள். உள்ளங்கை மேலே பார்க்கட்டும், விரல்கள் தானாக மடங்கட்டும். கட்டையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் முன்கை இறுகியே இருக்கும். கை மடிக்கு வந்ததும் மூச்சு. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும். மூன்று எண்ணி இழுத்தால் ஆறு எண்ணி விடுங்கள். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் குறையும். உடம்பின் அமைப்பே அப்படி. மூன்று முறை போதும். பெரிதாக இழுத்துப் பெரிதாக விட வேண்டாம், பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாத அளவு போதும்.

கண் எப்போதும் போர்டில் இருக்கட்டும். சுற்றி நிற்பவர்கள் முகத்தைப் பார்த்தால், அவர்கள் பேசாததையும் பேசியதாக மனசு கேட்கும்.

அப்புறம், நடந்ததை மனசுக்குள் ஒரே ஒரு வரியில் சொல்லுங்கள். அம்பயர் தாளில் எழுதுகிற மாதிரி: ‘ஃபாலோ விழவில்லை, ரெட் நடுவில்.’ ‘நான் ஒரு வேஸ்ட்’ என்பது அந்தத் தாளில் வராது. அதனால் உங்கள் வரியிலும் வரக் கூடாது. அந்த வரி முடிந்ததும் கணக்கு. என் காய் எத்தனை, அவர் காய் எத்தனை, ரெட் எங்கே, ஸ்கோர் என்ன, இந்தப் போர்டு போனால் எவ்வளவு போகும். இதை வெறும் கவனத் திருப்பல் என்று நினைக்க வேண்டாம். சரியான அடியைத் தேர்ந்தெடுக்க இந்தக் கணக்கு உங்களுக்கு எப்படியும் வேண்டும். கோபம் வந்த ஆட்டக்காரர் முதலில் தொலைப்பது இதைத்தான். உங்கள் கடிதத்திலேயே அது தொலைந்திருக்கிறது.

முறை திரும்ப வந்ததும் எந்தக் காயை அடிப்பது? ‘தப்பு பண்ணினால் அடுத்து ஈஸியான காயாகப் பார்த்து அடி’ என்று பலர் சொல்வார்கள். அதை நான் முழுசாக ஏற்கவில்லை. பயந்து ஆடுவதும் பழைய அடியை மனசில் வைத்து ஆடுவதுதான். மேட்ச் இப்போதுதான் தொடங்குகிறது, போர்டு இப்படி இருக்கிறது என்றால் எதை அடிப்பீர்களோ அதை அடியுங்கள். அது டபுளாக இருந்தால் டபுள். மெதுவான கட் என்றால் கட். விட்டதை ஒரே அடியில் ஈடுகட்டிவிட வேண்டும் என்ற எண்ணத்தில் தேர்ந்தெடுத்த அடி என்றால் மட்டும் அதை விட்டுவிடுங்கள். அந்த வித்தியாசம் உங்களுக்கு உள்ளே நன்றாகவே தெரியும்.

ஸ்ட்ரைக்கரை வைத்த பிறகு மனசில் ஓடுகிற வார்த்தையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த ஃபைனுக்கு முன்னால் ‘ஃபைன் ஆகிவிடக் கூடாது’ என்று நினைத்தீர்களா? பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் உடன் இருந்தவர்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கோல்ஃப் பந்தைக் குறிப்பிட்ட புள்ளிக்கு உருட்டச் சொன்னார்கள். புள்ளியைத் தாண்டிப் போகவே கூடாது என்றும் எச்சரித்தார்கள். கூடவே ஒரு நீளமான எண்ணை மனசில் வைத்துக்கொள்ளச் சொல்லி பாரம் ஏற்றியபோது, எதைச் செய்யக் கூடாது என்றார்களோ அதையே செய்தார்கள். பந்து தாண்டிப் போனது. உங்கள் தலையிலும் அந்த நேரத்தில் அப்பா, வேலை, சுற்றி நிற்பவர் என்று பாரம் ஏறியே இருக்கிறது. அதனால் ‘விழக் கூடாது’ என்பதை விட்டுவிட்டு, காய் விழுந்த பிறகு ஸ்ட்ரைக்கர் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று போர்டில் ஒரு இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு அடியுங்கள்.

விரலைப் பற்றியும் அப்போது யோசிக்காதீர்கள். ஒரு காயை விட்டவுடன், ‘விரலைச் சரியாக மடக்கவில்லையோ, மணிக்கட்டு தூக்கிவிட்டதோ’ என்று ஆராய ஆரம்பிப்பது நல்ல ஆட்டக்காரர்களின் பழக்கம். சையன் பைலாக் என்ற ஆய்வாளர் கோல்ஃப் ஆடுகிறவர்களை வைத்துச் செய்த சோதனைகளில், கைதேர்ந்தவர்கள் தங்கள் அசைவையே கவனித்துக்கொண்டு அடித்தபோது மோசமாக அடித்தார்கள். 2004-இல் வந்த இன்னொரு ஆய்வில், சீக்கிரம் அடி என்று சொன்னபோது கைதேர்ந்தவர்கள் இன்னும் நன்றாக அடித்தார்கள், புதியவர்கள் சொதப்பினார்கள். உங்கள் விரலுக்கு வேலை தெரியும். மேட்ச் நடுவில் அதற்குப் பாடம் எடுக்க வேண்டாம். ஆராய்ச்சியை ராத்திரி நோட்டில் எழுதுங்கள், மறுநாள் கிளப்பில் சரி பாருங்கள். ஒன்றை மட்டும் மேட்சிலேயே கவனிக்கலாம்: போர்டு. காசிமேடு, ராயபுரம் பக்கம் சாயங்காலம் கடல் காற்று ஏறினால் போர்டு ஈரம் வாங்கும், பவுடர் திரண்டு ஓட்டம் குறையும். காய் வாய்வரை வந்து நின்றுவிட்டது என்றால் தப்பு விரலில் இல்லாமலும் இருக்கலாம். பவுடர் போட அம்பயரிடம் கேளுங்கள்.

போர்டைக் கையால் அடித்த விஷயம். கோபத்தை வெளியே விட்டால் குறைந்துவிடும் என்று நம்மிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது உண்மை இல்லை. பிராட் புஷ்மன் என்பவர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், கோபமூட்டப்பட்ட கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தினார்கள். இன்னொரு பகுதியினர் ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. போர்டைத் தட்டினால் உங்கள் கையும் அதிர்கிறது, அம்பயர் மனசிலும் உங்கள் பெயர் பதிகிறது. செலக்‌ஷன் போட்டிகளில் அது நல்லதற்கு இல்லை. கிளப்பில் சின்னப் பிள்ளைகள் உங்களைப் பார்த்துத்தான் ஆடப் பழகுகிறார்கள் என்பதும் எனக்கு முக்கியம்.

இதையெல்லாம் மேட்ச் அன்றைக்கு முதல் தடவையாகச் செய்து பார்த்தால் வராது. நாம் கிளப்பில் பழகும்போது எப்போதும் புது போர்டு அடுக்கி பிரேக் அடிக்கிறோம். கெட்டுப்போன போர்டிலிருந்து யாரும் பழகுவதில்லை. உங்கள் காசிமேடு போர்டை அப்படியே வைத்துப் பாருங்கள். மூன்று வெள்ளை, மூன்று கறுப்பு, ரெட் நடுவில், ஸ்கோர் 19-11, ஃபைன் ஆகி முறை எதிராளிக்கு. அங்கிருந்து ஆடுங்கள். தோற்றாலும் பரவாயில்லை, திரும்ப அடுக்குங்கள். நண்பர்களைச் சுற்றி நின்று கலாய்க்கச் சொல்லுங்கள், ‘இத்தயே உட்டுட்ட’ என்பதையே சொல்லச் சொல்லுங்கள். வடசென்னையில் போட்டி என்றால் சுற்றி நிற்பவர் வாயை மூட முடியாது. பாதிப் பேர் ஆட்டம் தெரிந்தவர்கள், வயிறு எரிந்துதான் சொல்கிறார்கள். அந்தச் சத்தத்துக்குள் மூச்சையும் கணக்கையும் பழகிவிட்டால் போட்டியில் அது புதுசாக இருக்காது. பந்தயப் பணம் வைத்து ஆடுகிற இடத்தில் மட்டும் இதைப் பழக வேண்டாம். அங்கே வேறு விதமான சூடு ஏறும்.

அந்தப் பெண்ணைப் பற்றி. காசிமா 2024-இல் அமெரிக்கா போய் மூன்று தங்கத்தோடு வந்தது நம் எல்லோருக்கும் பெருமை. அதற்கு முன்னால் வியாசர்பாடி இளவழகி இருக்கிறார். 1991-லும் 1995-லும் உலக சாம்பியன் ஆகி, கேரமுக்கு அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயமும் சென்னைக்காரர்தான். இந்த ஊரில் கேரம் ஆடுகிற ஒவ்வொருவர் தோளிலும் இந்தப் பெயர்கள் உட்கார்ந்திருக்கும். ஆனால் இவர்கள் யாரும் காயே விடாமல் அங்கே போகவில்லை. அவர்கள் ஜெயித்த ஆட்டங்களின் வீடியோ கிடைத்தால், போட்ட காய்களைப் பார்க்காதீர்கள். விட்ட காயைத் தேடுங்கள். விட்டவுடன் கை எங்கே போகிறது, கண் எங்கே போகிறது, அடுத்த முறை எவ்வளவு நேரம் எடுத்து அடிக்கிறார்கள் என்று பாருங்கள். ‘அந்தப் பொண்ணைப் பார்’ என்று சொல்கிறவர்களுக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய மரியாதையும் அதுதான், உங்களுக்கு உபயோகமும் அதுதான்.

அப்பாவின் நம்பிக்கை வேறு விஷயம். ரிசர்வ் வங்கி, எல்ஐசி, பெட்ரோலிய நிறுவனங்கள் எல்லாம் கேரம் ஆட்டக்காரர்களை எடுத்திருக்கிறார்கள், அதனால் அவர் நம்புவதில் தப்பில்லை. ஆனால் அது உங்களுடைய பல வருஷ ஆட்டத்தைப் பார்த்து வருகிற வேலை. ஒரு ஃபாலோவைப் பார்த்து வருவதில்லை. இதை நீங்களே ஒரு நாள் சாப்பிடும்போது அப்பாவிடம் பேசிவிடுங்கள். காலிறுதி வரை வந்ததையும் சொல்லுங்கள். நீங்கள் அதைச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அம்மாவிடம் கத்தியதற்கு, இன்னும் மன்னிப்பு கேட்கவில்லை என்றால் இன்றைக்கே கேளுங்கள். ஒரு நாள் கத்தியதை நான் நோயாக எடுக்கவில்லை. ஆனால் ஆட்டம் இல்லாத நாட்களிலும் இப்படிக் கோபம் வருகிறது, பொருளை வீசுகிறீர்கள், பல நாள் தூக்கம் இல்லை என்றால், பத்திரிகைக்கு எழுதுவதோடு நிறுத்த வேண்டாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, உங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் காசில்லாமல் போன் செய்து தமிழிலேயே பேசலாம்.

கோச் அண்ணனோடு எனக்கு ஒரு விஷயத்தில் மட்டும் கருத்து வேறுபாடு. கோபம் போன பிறகு ஆடு என்கிறார். ஆடாமல் இது சரியாகாது. அவர் அக்கறையில்தான் சொல்கிறார், அதனால் அவரிடம் போய் சண்டை போடாதீர்கள். இந்தப் பதிலைக் காட்டுங்கள். கெட்டுப்போன போர்டை அடுக்கிப் பழகுவதற்கு அவரையே எதிரில் உட்காரச் சொல்லுங்கள். அவரை விட நல்ல ஆள் கிடைக்காது. அடுத்த டோர்னமென்ட்டுக்குப் பெயர் கொடுங்கள். அதில் ஜெயிப்பதை இப்போதைக்குத் தனியாக வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் நோட்டில் குறித்து வாருங்கள்: ஒவ்வொரு முறை காயை விட்ட பிறகும், அடுத்த முறைக்கு முன் கை மடிக்கு வந்ததா, ஸ்கோர் ஞாபகம் இருந்ததா. ஒரு டோர்னமென்ட் முடிந்ததும் அந்த நோட்டைப் பார்த்து எனக்கு எழுதுங்கள், அங்கிருந்து மேலே பேசலாம்.

கடைசியாக, கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயம். நைட் ஷிஃப்ட் முடித்து நேராக மேட்சுக்குப் போயிருக்கிறீர்கள். ராத்திரி முழுக்க விழித்தவருக்குக் கையும் தடுமாறும், சின்ன விஷயத்துக்கும் கோபம் பொத்துக்கொண்டு வரும். நான் மேலே எழுதிய எதுவும் தூக்கமில்லாத உடம்பில் பாதிக்கு மேல் வேலை செய்யாது. டோர்னமென்ட் தேதி தெரிந்த அன்றைக்கே முந்தின ராத்திரி ஷிஃப்ட்டை மாற்றிக் கேளுங்கள். பதிலுக்கு வேறு யாருடைய ஞாயிறு ஷிஃப்ட்டையாவது நீங்கள் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் சூப்பர்வைசர் ஒத்துக்கொள்வார்.